குப்பியில் பெய்த அழுகை

மாதா தெருவில் பனி பெய்ததைக் கண்ணால் கண்டவர்கள் இன்றைக்கும் முப்பது பேருக்குக் குறையாமல் இருக்கிறார்கள், ஆனால் அவர்களில் யாரைப் பிடித்துக் கேட்டாலும் பனியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். லியோனின் பெண்சாதி டெல்ஃபின் பெற்ற பிள்ளை பதினோரு நாள் ஒரு குப்பிக்குள் அழுததே, அந்தக் குப்பி ஊறுகாய்க் குப்பியா ஹார்லிக்ஸ் குப்பியா என்றுதான் சண்டை பிடிப்பார்கள், சண்டை முற்றினால் கேட்டவருக்கு டீ வாங்கிக் கொடுத்துத் தீர்ப்புச் சொல்லச் சொல்வார்கள்.

அது ஊறுகாய்க் குப்பி. எலுமிச்சை ஊறுகாய், அகன்ற வாய், தகர மூடி.

மழை பெய்து உப்பளமெல்லாம் குளமாகிக் கிடந்த டிசம்பர் மாதம். தையில் பாத்தி காய்கிற வரைக்கும் உப்பு வாருகிற பெண்களுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத கை சும்மா இருக்காது என்பதால் மாதா தெருவின் பன்னிரண்டு வீட்டு அன்பியம், அதாவது வாராவாரம் ஒருவர் வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லி, சொல்லி முடித்ததும் ஜெபமாலைக்கு வராதவர்களைப் பற்றிப் பேசுகிற அந்தக் கூட்டம், கோயிலில் நடக்கும் கிறிஸ்துமஸ் குடில் போட்டிக்குத் தயாரானது. மற்ற வருஷங்களில் தெர்மகோலை உரசிப் பொடியாக்கிப் பனி என்று தூவுவார்கள். இந்த வருஷம் பங்குச்சாமியார் தெர்மகோல் கூடாது, பஞ்சும் கூடாது, போன வருஷம் குடிலில் சூசையப்பர் தீப்பிடித்து எரிந்தது போதும் என்று பூசையிலேயே அறிவித்துவிட்டார்.

“பனி இல்லாம என்ன குடிலு? யேசு பாலன் என்ன ஆறுமுகநேரியிலயா பொறந்தாரு?” என்றாள் பக்கத்து வீட்டுப் பிரகாசி.

பெத்லகேமிலும் அப்படி ஒன்றும் பனி கொட்டாது என்று டெல்ஃபினுக்குத் தெரியும், ஆனால் கல்யாணமாகி வந்து ஒன்றரை வருஷத்தில் அவள் அந்தக் கூட்டத்தில் வாயைத் திறந்ததே மூன்று தடவைதான், அதில் இரண்டு கொட்டாவி. அன்றைக்கு மடியில் பிள்ளையை ஆட்டிக்கொண்டே, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “கான்வென்டில எங்களுக்கு ஒரு கிராஃப்ட் சொல்லித் தந்தாங்க. கண்ணாடிக் குப்பி மூடிக்கு உள்பக்கம் ஒரு சின்ன பொம்மைய ஒட்டணும். குப்பியில தண்ணியும் கிளிசரினும் ஊத்தி, ஜிகினாப் பொடி போட்டு மூடிட்டு, தலைகீழாக் கவுத்து வச்சு ஆட்டினா, பொம்மை மேல பனி பெய்யும்.”

“கிளிசரின் சினிமாக்காரி அழுகிறதுக்குல்லா?” என்றாள் சேசம்மாள்.

சேசம்மாள் லியோனின் அக்கா, அடுத்த காம்பவுண்டில் இருப்பவள், இருபது வருஷம் உப்பு வாரியவள். அளத்துத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தே எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவாள். கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு டிகிரி பார்க்கிற சூப்பர்வைசரே அவளிடம் வந்து, என் குழாய் சரியாகத்தான் காட்டுகிறதா என்று கேட்டுவிட்டுப் போவார்.

“பனிக்கு நாம எங்க போவணும்? வருசம் முழுக்க நம்ம காலுக்குக் கீழதான கெடக்கு. உப்பப் போடு.”

“உப்பு கரைஞ்சிருமே, மைனி.”

“ஏளா, படிச்சவளே, உப்பு கரஞ்ச தண்ணியில உப்பு எப்படி கரையும்? இருபத்தஞ்சு டிகிரிக்கு ஏத்திட்டேன்னு வையி, அதுக்கு மேல ஒரு கல்லு கரையாது. ராசாத்தி மாதிரி கெடக்கும்.”

அப்படித்தான் மாதா தெருவில் பன்னிரண்டு வீட்டிலும் ஊறுகாய் தீர்ந்தது. கோடையில் காற்றடிக்கும்போது பாத்தித் தண்ணீரின் மேல் ஏடு மாதிரிப் படர்கிற உப்புப் பூவைச் சேசம்மாள் ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருந்தாள்; தட்டைத் தட்டையாக, பூ இதழின் கனம்கூட இல்லாத உப்பு, தண்ணீரில் போட்டால் யோசித்து யோசித்துக் கீழே இறங்குவது. மூடிக்குள் ஒருவர் வள்ளம் ஒட்டினார், ஒருவர் ஆட்டோ ஒட்டினார், பிரகாசி கோயில் கோபுரம் ஒட்டினாள். டெல்ஃபினுக்குப் பழைய குடில் பெட்டியிலிருந்து மூன்று கால் உள்ள ஒரு களிமண் ஆடு கிடைத்தது.

இப்போது டெல்ஃபினின் பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளை பிறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது, அந்த ஏழு வாரமும் அவள் மின்விசிறிக்குப் பயந்தாள், கழன்று விழுமோ என்று. பல்லிக்குப் பயந்தாள், குக்கர் விசிலுக்குப் பயந்தாள், குளிப்பாட்டும்போது கை வழுக்குமோ என்று பயந்தாள், பிள்ளை தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தாள், விழித்தால் விரல் வைத்ததால்தான் விழித்ததோ என்று பயந்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த அழுகைக்குப் பயந்தாள். பன்னிரண்டு வருஷம் கான்வென்டில் படித்தவள், எந்தக் கணக்காக இருந்தாலும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கும் என்று பழகியவள். இந்த ஒரு கேள்வி மட்டும் ஒரு நாளைக்கு இருபது தடவை, முகத்துக்கு நேராக, தொண்டை கிழியக் கேட்கப்பட்டது, இந்தப் புத்தகத்துக்குக் கடைசிப் பக்கமே இல்லை.

பதினேழாம் தேதி புதன்கிழமை மத்தியானம் அவள் அடுப்படித் தரையில் உட்கார்ந்து குப்பியை மூடினாள். பிள்ளை மடியில் கிடந்து வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, தோளில் போட்டுத் தட்டியாயிற்று, இன்னும் என்னதான் வேண்டும் என்று அதுவும் சொல்லவில்லை. காற்றுக் குமிழ் நிற்காமல் விளிம்பு தளும்ப ஊற்ற வேண்டும் என்று சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது அவளுக்கு நினைவிருந்தது, ஆனால் பிள்ளை உதைத்த உதையில் ஒரு கொண்டைக்கடலை அளவு குமிழ் உள்ளே நின்றுவிட்டது. மூடியைத் திருகினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் அழுகை நின்றது.

அப்பாடா என்று அவள் பிசைந்து வைத்திருந்த எம்சீல் பசையை, இறுகி வீணாகிவிடக் கூடாதே என்று மூடியைச் சுற்றி அப்பி, கட்டைவிரலால் நீவி, குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள். மூன்று கால் ஆடு நிமிர்ந்து நின்றது. யாரும் ஆட்டாமலேயே அதன் மேல் பனி பெய்தது. பெய்தது என்றால் சாதாரணமாக இல்லை, உப்பு மேலே எழும்பி ஆட்டையே மறைத்துக்கொண்டு நேராகக் கொட்டியது. டெல்ஃபின் குனிந்து மடியைப் பார்த்தாள். பிள்ளையின் வாய் திறந்திருந்தது, முகம் சிவந்திருந்தது, முஷ்டி இரண்டும் ஆகாயத்தைக் குத்திக்கொண்டிருந்தன. சத்தம் மட்டும் இல்லை.

“மைனீ!”

சேசம்மாள் ஈரக் கையோடு ஓடிவந்து பிள்ளையைப் பார்த்தாள், குப்பியைப் பார்த்தாள், மறுபடி பிள்ளையைப் பார்த்தாள்.

“பால் குடுத்து எவ்வளவு நேரமாச்சு?”

“ஒரு மணி நேரம்.”

“இன்னொரு தரம் குடு.”

கொடுத்தாள். பிள்ளை சப்பிக் குடிக்கக் குடிக்கக் குப்பிக்குள் வேகம் அடங்கி, உப்பு ஒவ்வொரு இதழாக இறங்கி, ஆட்டின் முதுகில் கொஞ்சம் தங்கி, ஓய்ந்தது.

“பாத்தியா,” என்றாள் சேசம்மாள், புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே. “பசிக்குத்தான் பெஞ்சிருக்கு.” சொல்லிவிட்டு, அடுப்பில் குழம்பு கிடக்கிறது என்று போய்விட்டாள்.

சாயங்காலம் லியோன் எடைமேடை வேலை முடிந்து வந்தான். உப்பு லாரியை எடை போடுகிறவன், கனமான ஆள், நிதானமான ஆள். மூடியைத் திருகிப் பார்த்தான், வெந்நீர் ஊற்றிப் பார்த்தான், எம்சீல் கல்லாகியிருந்தது. “உடச்சிரட்டா?” என்று சுத்தியலை எடுத்தான்.

“உடைப்ப, உடைப்ப,” என்றாள் சேசம்மாள் வாசலிலிருந்து. “சிந்துன உப்ப என்னைக்காவது முழுசா அள்ளியிருக்கியால? பாதி மண்ணுதான் கூட வரும். பொட்டப்பிள்ள காலம் முழுக்கப் பாதி அழுகைய வச்சு என்ன செய்யும்?”

சுத்தியல் பழைய இடத்துக்குப் போனது, குப்பி பிரிட்ஜ் தலையில் ஏறியது.

அன்றைக்கு மாலை ஜெபமணி அடிக்கும்போது படுத்த டெல்ஃபின் விடியற்காலை கோயிலில் திருந்தாதி ஜெபத்துக்கு அடிக்கிற மணிக்குத்தான் கண் விழித்தாள். ராத்திரி முழுக்கப் பால் கொடுக்கவில்லையே என்று துள்ளி எழுந்தாள். ஆனால் லியோன் முக்காலி போட்டுக் குப்பிக்கு எதிரே உட்கார்ந்திருந்தான், எடைமேடை முள்ளைப் பார்க்கிற அதே பார்வையோடு. “நாலு தரம் பெஞ்சுது. நாலு தரமும் பிள்ளைய எடுத்து உங்கிட்ட விட்டேன். நீ தூக்கத்துலயே குடுத்த,” என்றான். ஏழு வாரத்தில் முதல் தடவையாக அவளுக்குத் தலை வலிக்கவில்லை. காதுக்குள் நிம்மதி சிலுசிலுவென்று ஓடியது. சந்தோஷமாக இருந்தது, அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. பெற்ற பிள்ளையின் குரல் போனதற்கு எந்தத் தாய் சந்தோஷப்படுவாள்? பூசை நேரத்தில் திருடித் தின்கிற மிட்டாயைப் போல அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டாள்.

தெரு இதற்கெல்லாம் அசந்துவிடவில்லை. கடலில் காணாமல் போனவன் கருமாதியன்று திரும்பி வந்து தன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தே சாப்பிட்ட தெரு அது. முதல் நாள் பார்க்க வந்தார்கள், இரண்டாம் நாள் யோசனை சொல்ல வந்தார்கள், மூன்றாம் நாள் அவரவர் ஸ்டூலோடு வந்தார்கள். நேராகப் பெய்தால் பசி, சுழன்றால் ஈரம், அடியிலிருந்து குபுக்கென்று மேலே போனால் வயிற்றில் காற்று, ஓரமாகச் சரிந்து பெய்தால் கொசு என்று சேசம்மாள் தலைமையில் கண்டுபிடித்தார்கள். டெல்ஃபின் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, கான்வென்ட் கையெழுத்தில் அதை எழுதிக் குப்பிக்குப் பின்னால் ஒட்டினாள். கடைசியில் கடைசிப் பக்கம் கிடைத்துவிட்டது. பிள்ளை அசைந்தால் பிள்ளையைப் பார்ப்பதை அவள் விட்டாள். கழுத்து தானாகப் பிரிட்ஜ் பக்கம் திரும்பப் பழகியது.

பிறகு எல்லோருக்கும் ஆசை வந்தது. பிரகாசி தன் புருஷனின் குறட்டை ஓடிக்கொண்டிருக்கும்போது தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு குப்பியை மூடினாள். அன்றிலிருந்து கோபுரத்தின் மேல் மூச்சு விடுகிற லயத்தில் பனி ஏறி இறங்கியது, புருஷன் ஊமைப் படம் மாதிரித் தூங்கினார். ஒரு வீட்டில் சேவல் அடைபட்டது, ஒரு வீட்டில் மாமனாரின் தனிப் பேச்சு அடைபட்டது. ஆனால் அரசியல் கூட்டத்து ஒலிபெருக்கிக்கு முன்னால் ஆறு குப்பி மூடியும் ஒன்றும் நடக்கவில்லை, நாத்தனார் ஏசும்போது மூடிய குப்பியில் வெறும் தண்ணீர்தான் நின்றது. தான் போடுகிற சத்தம் தனக்கே தெரியாதவர்களின் சத்தம்தான் உள்ளே போகிறது என்று தெரிந்துகொண்டதும், தெருவில் தங்கள் சத்தம் தங்களுக்குத் தெரியும் என்று நிரூபிக்க எல்லோரும் இன்னும் உரக்கப் பேசினார்கள்.

பங்குச்சாமியார் ஸ்கூட்டரில் வந்து பார்த்தார். சின்ன வயசுக்காரர். குப்பியைக் கையில் வாங்காமல் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்து, “தெர்மகோல் இல்லியே?” என்று மட்டும் கேட்டார்.

“இல்ல சாமி. உப்பு.”

“அப்ப சரி.”

கூட வந்த உபதேசியார்தான் சிக்கலைக் கிளப்பினார். பிள்ளைக்கு இருபத்தெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். தலையில் தண்ணீர் பட்டதும் பிள்ளை அழ வேண்டும், அழுதால்தான் பிசாசு வெளியே போனதாக அர்த்தம், இது மாதா தெருவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். “இது அழுவலேன்னா?” என்றார் உபதேசியார். “முந்தியெல்லாம் ஞானஸ்நானத்துல பிள்ள நாக்குல ஒரு கல்லு உப்பும் வைப்பாவ. இப்ப புதுச் சட்டம், உப்பு கெடயாது. அதான் இப்ப உள்ள பிள்ளைய ருசியத்துத் திரியுது. அழுகையும் இல்லேன்னா வெளங்குமா?”

அரை மணி நேரம் வாதாடினார்கள். குப்பியைத் தொட்டிப் பக்கத்தில் வைப்பது, தண்ணீர் பட்டதும் பனி பெய்தால் பிள்ளை அழுததாக எடுத்துக்கொள்வது என்று முடிவானது. சாமியார் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்து, சேசம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

இருபத்து நாலாம் தேதி பன்னிரண்டு குப்பிகளும் கோயில் குடிலுக்குப் போயின. சுற்றிலும் சீரியல் பல்பு போட்டார்கள். மாட்டுக்கும் ராஜாக்களுக்கும் நடுவில் மூன்று கால் ஆடு, தானாகப் பெய்கிற பனியில் நின்றது. முதல் பரிசு வேறு யாருக்குப் போகும்? பரிசு வாங்கிய குடிலை ஜனவரியில் வருகிற மூன்று ராஜாக்கள் திருநாள் வரை கலைக்கக் கூடாது என்பது போட்டி விதி. டெல்ஃபினுக்குப் பயம் திரும்பி வந்தது. “நீ கவலப்படாத,” என்றாள் பிரகாசி, “நாங்க ஆள் மாத்தி ஆள் குடிலுக்கு முன்னால உக்காந்து பாத்துக்கிடுதோம். பெஞ்சா ஒனக்கு போன் வரும்.” கோயில் பூட்டியிருக்கும் நேரத்தில் கடிகாரம் பார்த்துப் பால் கொடுப்பது, கோயில் திறந்திருக்கும் நேரத்தில் போன் பார்த்துக் கொடுப்பது என்று ஏற்பாடு. வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது போன் அடிக்கும்: “நேராப் பெய்யுது, பால் குடு.” துணி காயப்போடும்போது அடிக்கும்: “சுத்துது, சுத்துது, துணிய மாத்து.” இரண்டு தெரு தள்ளியிருந்து குடில் பார்க்க வந்த முன்பின் தெரியாத ஒரு பெண்பிள்ளைகூட நம்பர் வாங்கி அழைத்து, “அக்கா, ஒங்க பிள்ளைக்கு வாயுத் தொந்தரவாம்,” என்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு டெல்ஃபின் கடிகாரம் பார்த்துப் பால் கொடுத்தாள். ஆறு மணிக்குக் கோயில் திறந்தது. அதற்குப் பிறகு வீடு நிறைய ஆள். பிரியாணிக்கு அரிசி களைகிறவர்கள், பூ கட்டுகிறவர்கள், ஊரிலிருந்து வந்து பாத்ரூம் எங்கே என்று கேட்கிறவர்கள். பிள்ளைக்கு வெள்ளை லேஸ் கவுனும் தொப்பியும் போட்டார்கள், மடிக்கு மடி மாற்றினார்கள். ஏழு மணிக்கு டெல்ஃபினே பிரகாசியை அழைத்தாள்.

“பனி பெய்யுதாக்கா?”

“ஒரு பொட்டு இல்ல. நல்ல நாளும் அதுவுமா பிள்ள எவ்வளவு சமத்து!”

எட்டரைக்குக் கேட்டாள், ஒன்பதே முக்காலுக்குக் கேட்டாள். இல்லை, இல்லை. லேஸ் தொப்பிக்குள்ளே பிள்ளை வாயைத் திறந்து திறந்து மூடியது. “கொட்டாவியப் பாரு, ராசகுமாரிக்கு!” என்றார்கள் மடியில் வைத்திருந்தவர்கள். கண்ணாடி முன்னால் நின்று புடவை மடிப்பு எடுத்துக்கொண்டிருந்த டெல்ஃபினும் திரும்பிப் பார்த்துச் சிரித்து, “ஆமா, கொட்டாவி,” என்றாள். மார் இரண்டும் கல்லாகக் கட்டி வலித்தன. போன் வரவில்லையே என்று அந்த வலியை அவள் நம்பவில்லை.

பூசை முடிந்து, பதினோரு மணிக்குக் கல் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். ஞானத்தாய் சேசம்மாள் பிள்ளையை ஏந்தியிருந்தாள், பிரகாசி குடிலிலிருந்து குப்பியைத் தூக்கிவந்து தொட்டி விளிம்பில் வைத்தாள். சாமியார் சிப்பியில் தண்ணீர் மொண்டார்.

“ஜெசிந்தா, தந்தை மகன் தூய ஆவியாரின் பெயராலே…”

தண்ணீர் விழுந்தது. கோயில் முழுக்கக் குப்பியைப் பார்த்தது. உபதேசியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார், லியோன் முள்ளைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தான், குழந்தைகள் பெஞ்சின் மேல் ஏறிப் பார்த்தார்கள். ஆட்டின் காலடியில் உப்பு அப்படியே கிடந்தது.

“பெய்யலியே,” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

குப்பியைப் பார்க்காதவள் ஒருத்திதான். தண்ணீர் விழும்போது பிள்ளையின் காதுக்குள் போய்விடுமோ என்ற பயத்தில் டெல்ஃபின் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பி கழற்றிய முகம் கருஞ்சிவப்பாக இருந்தது, உதடு காய்ந்து வெடித்திருந்தது, திறந்த வாய்க்குள் உள்நாக்கு துடித்துக்கொண்டிருந்தது. அது கொட்டாவி இல்லை. காலையிலிருந்து எதுவும் கொட்டாவி இல்லை. காதுக்குக் கேட்காதது மாருக்குக் கேட்டது. புதுப் பட்டுப் புடவை நனைந்து, பால் வயிறு வரைக்கும் வழிந்தது.

“மைனி, உப்பைப் பாருங்க!”

சேசம்மாள் அப்போதுதான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. பகலெல்லாம் பல்பு சூடும் மற்ற நேரத்தில் மார்கழிக் குளிரும் மாறி மாறிப் பட்டால் எந்த உப்பும் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? “எய்யா,” என்றாள். “பாறை பிடிச்சுட்டு. அழுதாலும் இது எழும்பாது.”

டெல்ஃபின் குப்பியை எடுத்தாள்.

“ஏளா, சிந்திரும்! ஏளா!”

சிந்தினால் பாதிதான் மிஞ்சும் என்று அவளுக்கும் தெரியும். பதினோரு நாளாக அவள் சுத்தியலைத் தொடாததற்கு அது ஒன்றுதான் காரணம் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது, இன்னொரு காரணம் மிட்டாயாகக் கன்னத்துக்குள் இருந்தது. மின்விசிறிக்குப் பயந்தவள், பல்லிக்குப் பயந்தவள், சாமியாருக்கு முன்னால் சத்தமாகத் தும்மக்கூடப் பயந்தவள், குப்பியைத் தலைக்கு மேலே ஓங்கிக் கல் தொட்டியின் விளிம்பில் ஒரே அடியாக அடித்தாள்.

உப்புத் தண்ணீர் தொட்டிக்குள் கொட்டியது, கண்ணாடி சிதறியது, ஆட்டைக் கவ்விக்கொண்டிருந்த உப்புப் பாறை மூடியோடு அவள் கையில் நின்றது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு சத்தமும் வரவில்லை. தொட்டித் தண்ணீர் கலங்கித் தெளிந்தது. பிள்ளை வாயைத் திறந்து மூடியது.

“போச்சு,” என்றாள் பிரகாசி மெதுவாக. “எல்லாம் தண்ணியோட போச்சு.”

டெல்ஃபின் உபதேசியாரைத் திரும்பிப் பார்த்தாள். நாக்குல ஒரு கல்லு உப்பு. நகத்தால் பாறையைச் சுரண்டி ஒரு பொட்டு எடுத்தாள், பிள்ளையின் வாய்ப் பக்கம் கொண்டுபோனாள், கை நின்றுவிட்டது. கண்ணாடித் தூள் இருந்தால்? விரலைத் திருப்பி முதலில் தன் நாக்கில் வைத்தாள். கண்ணாடி இல்லை. உப்பு கரைந்தது, தொண்டையில் இறங்கியது, அங்கிருந்து ஏதோ ஒன்று அவளைக் கேட்காமலே மேலே ஏறி வந்தது. பங்குச்சாமியாருக்கும் ஊருக்கும் முன்னால், பன்னிரண்டு வருஷம் கான்வென்டில் படித்த டெல்ஃபின் வாயைத் திறந்து, “ங்ங்ஙே!” என்று ஏழு வாரப் பிள்ளையின் குரலில் வீறிட்டாள்.

லியோன் சிலுவை போட்டுக்கொண்டான். பிள்ளை அழுவதை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தது, இது என் சாமான் ஆயிற்றே என்பது போல.

அவள் இன்னொரு பொட்டு சுரண்டி, மறுபடி நாக்கில் தொட்டுப் பார்த்து, மறுபடி ஒரு “ங்ஙே” வெளியே போனதும், மிச்சத்தைப் பிள்ளையின் நாக்கு நுனியில் வைத்தாள்.

அப்போது வந்தது. பதினேழாம் தேதி மத்தியானத்தின் அழுகை முதலில் வந்தது, அதன் பின்னால் அடுத்த நாளின் பசி அழுகை, ஈரத்து அழுகை, கொசுக்கடி அழுகை, பிரகாசியின் குறட்டைக் குப்பியை வேடிக்கை பார்க்கத் தன்னைத் தரையில் விட்டுவிட்டுப் போனார்களே என்ற அழுகை, கிறிஸ்துமஸ் வெடிக்குத் திடுக்கிட்ட அழுகை, காரணமே இல்லாமல் ஆள் வேண்டும் என்று மட்டும் அழுத அழுகைகள் வரிசை வரிசையாக, ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒன்று, ஒரு விசுவாசப் பிரமாணம் சொல்லி முடிக்கிற நேரம் வரைக்கும் வந்தன. கோபுரத்துப் புறாக்கள் மொத்தமாக எழும்பின, குடிலில் மிச்சமிருந்த பதினோரு குப்பிகளும் ஒவ்வொன்றாக மூடி தெறித்துத் திறந்தன, சேவல் கூவியது, மாமனார் பேசினார், முன் பெஞ்சில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிரகாசி புருஷனைச் சுற்றி அவருடைய ஒரு வாரக் குறட்டை முழங்கியது. டெல்ஃபின் ஒவ்வொரு அழுகையையும் கேட்டாள். கட்டம் போட்ட தாளில் நான்குதான் இருந்தன. இங்கே நாற்பதுக்கு மேல் வந்தன, ஒன்றுபோல் ஒன்று இல்லை. எதற்கும் அவளிடம் விடை இல்லை. இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும், “ம், ம், கேக்குது, கேக்குது,” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

“பிசாசு ஓடியே போயிருக்கும்,” என்றார் உபதேசியார், காதைப் பொத்திக்கொண்டு. “பக்கத்துப் பங்குல உள்ளதும் சேந்து.”

சேசம்மாள் மட்டும் குனிந்து பிள்ளையின் கன்னத்தைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அந்தக் கண்ணில் ஈரம் ஊறியதில்லை, எல்லாப் பிள்ளைகளையும் போல இத்தனை நாளும் வறட்டு அழுகைதான். இப்போது இமையோரம் ஒரு துளி திரண்டு, நிற்கலாமா போகலாமா என்று யோசித்து, கன்னத்தில் இறங்கியது. சேசம்மாள் அதை விரலில் எடுத்து நாக்கில் வைத்தாள்.

தொட்டியைச் சுற்றி எல்லோரும் காத்திருந்தார்கள்.

“எத்தன டிகிரி, மைனி?” என்றாள் டெல்ஃபின். அவளுடைய குரல் அவளுக்குத் திரும்பி வந்திருந்தது.

சேசம்மாள் வாயை ஒரு தரம் சப்புக்கொட்டினாள், இரண்டு தரம் கொட்டினாள். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

“டிகிரி என்ன டிகிரி,” என்று சீறினாள். “பச்சப்பிள்ள கத்துதது காதுல விழல? அங்கன போயி உக்காந்து பால் குடுளா.”

விழுந்தது. டெல்ஃபின் பிள்ளையை வாங்கிக்கொண்டு, நனைந்த புடவையோடு, கோயிலின் முன் பெஞ்சில் உட்கார்ந்தாள்.